பந்தி விசாரித்தவன் மகனுக்கு எழுதுவது

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்ததாக நினைத்திருப்பாய். கோபம் பாதிதான், மீதி பயம். இன்று வியாழன். இடையில் இரண்டு முறை கூப்பிட்டாய், இரண்டு முறையும் போனை உன் அம்மாவிடம் தள்ளிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். போனில் பேசினால் கத்திவிடுவேன். கத்தினால் சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்து மூன்று வருடம் லைன்மேனாகக் கம்பத்தில் ஏறி இறங்கியவனுக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவதெல்லாம் தண்டனை. மூன்று வரி எழுதுவதற்குள் நாலு முறை எழுந்துவிட்டேன். "பரீட்சை எழுதுற பிள்ளையாட்டம் என்னங்க இப்புடித் தவிக்கிறீங்க, ஒரு எடத்துல உக்காருங்க" என்கிறாள் உன் அம்மா. அவளுக்குத் தெரியும், திங்கட்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று. இந்தக் கடிதத்தில் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒன்றைக் கேட்க வேண்டும். ஒப்புக்கொள்வதை முதலில் முடித்தால்தான் கேட்க வாய் வரும்.

உன் கல்யாணத்துக்கென்று நீ வாட்ஸப்பில் அனுப்பிய சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன். இலையில் முப்பத்தொரு ஐட்டம். அதில் நாலைந்தின் பெயரை உன் அம்மாவாலும் வாசிக்க முடியவில்லை. விராலிமலையில் பெண் வீட்டார் பார்த்துச் சொன்ன சமையல்காரர், நல்ல கைப்பக்குவம் என்று சொன்னாய். இருக்கட்டும், ருசியைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. "வாரது எழுநூறு பேருதான் இருக்கும்ப்பா, ஆனா ஆயிரம் பேருக்குச் சொல்லிருக்கேன். மிஞ்சுனா மிஞ்சட்டும். நீங்க முன்னால நின்னு பந்தி விசாரிச்சாப் போதும்" என்றாயே, அங்கேதான் போனை வைத்தேன். மிஞ்சினால் மிஞ்சட்டும். இந்தச் சொல்லை நீ என்னிடமிருந்து எடுத்திருக்கிறாய். ஒன்பது வருடத்துக்கு முன்னால் உன் அக்கா கல்யாணத்துக்கு இதே சொல்லைச் சொல்லித்தான் சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும்.

பந்தி விசாரிக்கிறது என்றால் என்ன என்று உன் சினேகிதர்களுக்குத் தெரியாது. போலீஸ் விசாரணை என்று நினைத்துக்கொள்வார்கள். ஏறக்குறைய அதுதான். சாப்பிட உட்கார்ந்தவர்களின் இலைக்கு இலை போய், "சாம்பார் வந்துச்சா, கூட்டு வேணுமா, ஏய் இங்கிட்டு வாளியக் கொண்டா, மாமாவுக்கு ஊத்து" என்று நின்று கவனிக்கிற வேலை. நம்மூரில் எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த வேலைக்கு லீவு கேட்கக் கூசுவேன், பந்திக்கு லீவு போட்டுவிட்டுப் போவேன். எனக்கென்று ஒரு சட்டம் இருந்தது. போதும் என்று ஒரு முறை சொன்னால் அது கணக்கில் இல்லை, மரியாதைக்குச் சொல்வது. இரண்டாம் முறை சொன்னால் வெட்கத்தில் சொல்வது. மூன்றாம் முறை கையை வைத்து இலையை மறைத்தால், கையை நகர்த்திவிட்டு வைக்கச் சொல்வேன். "அந்த ஆளு நின்னா எலை நெறையும்" என்று ஊரில் பேர். அந்தப் பேரை நான் ரொம்ப விரும்பினேன். நிறைந்த இலையில் எவ்வளவு தின்றார்கள், எவ்வளவை உள்ளே வைத்து மடித்தார்கள் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இலையை எடுக்கிற பெண்களுக்குத்தான் அது தெரியும். அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்க மாட்டாமல் தூக்குவார்கள், நான் அடுத்த பந்திக்கு ஆள் உட்கார வைத்துக்கொண்டிருப்பேன்.

உனக்கு ஏழு வயது இருக்கும்போது வல்லத்திராக்கோட்டையில் ஒரு கல்யாணம். நீ என்னுடைய பந்தியில் உட்கார்ந்திருந்தாய். கேசரி வந்தது, இரண்டு கையையும் விரித்து இலையை மூடிக்கொண்டு, "வேணாம்ப்பா, வயிறு வலிக்குது" என்றாய். பந்தி விசாரிக்கிறவன் மகனே வேண்டாம் என்றால் எனக்கு என்ன மரியாதை? கையை எடுத்துவிட்டு ஒரு கரண்டி வைக்கச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வேட்டி முழுக்க வாந்தி. அதைச் சிரிப்புக் கதையாக எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன்! நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய். இப்போது நினைத்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. வயிறு வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையின் கையை நகர்த்தியவன் நான்.

சரி, அக்கா கல்யாணத்துக்கு வருகிறேன். நீ அப்போது கல்லூரி முதல் வருடம். காலையில் வந்து மறுநாள் விடிகாலை பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். அன்றைக்கு நல்ல முகூர்த்தம். நம் பக்கத்திலேயே நாலு கல்யாணம். வர வேண்டிய கூட்டம் நாலாகப் பிரிந்துபோனது. நான் ஊருக்கே உலை வைத்திருந்தேன். மூன்றாவது பந்தியில் பாதி இலைக்கு ஆள் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்குச் சமையல்காரர் வந்து, "ரெண்டு அண்டாச் சோறு அப்புடியே நிக்கிது, என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். உன் அம்மா பக்கத்தில் இருந்தாள். "தெருவுல சொல்லிவிடுவோம்ங்க, ஏனத்த எடுத்துட்டு வந்து ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிட்டுப் போவாங்க" என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஆளு வரலைன்னு ஊரு பூரா தண்டோராப் போடச் சொல்றியா?" என்று கேட்டேன். நம் பக்கத்தில் கல்யாண வீட்டுக்கு இரண்டு அவமானம் உண்டு. சோறு பற்றாமல் போவது ஒன்று. ஆள் வராமல் சோறு மிஞ்சுவது இன்னொன்று. முதலாவதைச் சத்தம்போட்டுப் பேசுவார்கள், இரண்டாவதைக் காதுக்குள் பேசுவார்கள். அந்தக் காதுப் பேச்சுக்குப் பயந்துதான், மண்டபத்துக்குப் பின்னால் கண்மாய்க்கரையை ஒட்டிக் கொட்டச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேட்டிருப்பாய். உன் அப்பன் சோற்றையே மறைக்கப் பார்த்தவன்.

சோறு அவ்வளவு லேசில் மறையுமா? வெள்ளை வெளேர் என்று குவியலாக நின்றது. கரை வழியாகத்தான் மாப்பிள்ளை வீட்டு வேன் திரும்ப வேண்டும். நான் இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் பாக்கியத்தின் வெள்ளைப் பசு முளைக்குச்சியில் கட்டிக் கிடந்தது. பாக்கியத்தை உனக்குத் தெரியும். நம் தெருக் கடைசி வீடு, புருசன் போன பிறகு அந்த ஒரு மாட்டையும் அதன் பாலையும் வைத்துத்தான் காலத்தை ஓட்டினாள். நீ பாக்கியம் அத்தை என்றுதான் கூப்பிடுவாய், அவள் வீட்டுச் சீம்பாலில் பாதி உன் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. அன்றைக்கு அவள் மண்டபத்துக்குள் உன் அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் போய் முளைக்குச்சியிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து சோற்றுக் குவியலில் நிறுத்தினேன். வாயில்லாச் சீவன் தின்னட்டும், புண்ணியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புண்ணியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வேன் வருவதற்குள் குவியல் குறைய வேண்டும், அவ்வளவுதான். மாடு ஆவலாகத் தின்றது. அங்கேயும் நான் பந்திதான் விசாரித்திருக்கிறேன். கயிற்றைத் தரையில் போட்டுவிட்டு, பெண்ணை வழியனுப்ப ஓடிவிட்டேன்.

மறுநாள் காலையில் மாட்டுக்கு வயிறு ஊதிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தது. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "சோறு நெறையத் தின்னுருக்கும்மா. உள்ள புளிச்சு விசமாயிருச்சு" என்றார். ஊசி போட்டார், மருந்து ஊற்றினார், உச்சிப் பொழுதுக்குள் மாடு செத்துப்போனது. மாட்டுக்குச் சோறு எமன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், தம்பி. சத்தியமாக அதற்கு முன் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்கு அந்தச் சாக்கு இல்லை. தெருவே கூடி நிற்கிறது. பாக்கியம் வெறும் முளைக்குச்சியைக் காட்டித் தலையில் அடித்துக்கொள்கிறாள். "எம் முடிச்சு சரியில்ல. கல்யாண அவசரத்துல ஒப்புக்குக் கட்டிட்டு ஓடியாந்தேன். எங் கையாலயே கொன்னுட்டேனே!" கூட்டத்தில் நான் முன்வரிசையில் நிற்கிறேன். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. சோறு நம் வீட்டுக் கல்யாணச் சோறு என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, கொட்டாத வீடு எது? கயிற்றை அவிழ்த்தது மட்டும் எனக்கும் செத்துப்போன மாட்டுக்கும்தான் தெரியும். கன்றுக்குட்டியைப் பாக்கியம் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "மாடு வளக்குற கை இல்ல எங்கை, இருந்தா இதுவும் போயிரும்" என்றாள். அதோடு சரி. இந்த ஒன்பது வருடத்தில் அவள் ஒரு மாடும் வாங்கவில்லை.

பிழைப்புக்கு என்ன செய்தாள் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். நானும் முதலில் யோசிக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனாள். மழை பெய்து நாலு நாள் கழித்து நிலத்தில் தானாக முளைக்கிறது பார், தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, வேலியில் படர்கிற முடக்கத்தான், முசுமுசுக்கை, அதையெல்லாம் கிள்ளிக் கட்டாகக் கட்டித் தெருவில் கொண்டு வந்தாள். கோடையில் சுண்டைக்காய், கோவைக்காய். ஆனி, ஆடியில் தைலமரக் காட்டைத் தாண்டி நிற்கிற பாலை மரங்களில் பழம் பொறுக்கி வருவாள். வாயில் போட்டால் உதடு ஒட்டிக்கொள்ளும் என்று நீ சிரிப்பாயே, அந்தப் பாலைப்பழம்தான். குற்ற உணர்ச்சியில் நான் தினமும் மூன்று கட்டு, நாலு கட்டு வாங்கினேன். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் நாலு கட்டுக் கீரை என்னாகும்? அழுகும். உன் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே குப்பையில் கொட்டுவாள். சோற்றைக் கொட்டிச் செய்த பாவத்துக்குக் கீரையைக் கொட்டிப் பரிகாரம் தேடியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ரிடையர் ஆன பிறகு கால் நிற்காமல், பாக்கியமும் உன் அம்மாவும் கீரைக்குப் போகும்போது நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக ஆரம்பித்தேன். கம்பி போகிற வழியெல்லாம் எனக்குத் தெரியும், கம்பிக்குக் கீழே என்ன முளைக்கிறது என்று முப்பது வருடமாக நான் குனிந்து பார்த்ததே இல்லை. முதல் நாள் ஒரு வரப்பு முழுக்கத் தொய்யக்கீரை. விடுவேனா? வேரோடு பிடுங்கி ஒரு சாக்கு நிரப்பிவிட்டேன். பாக்கியத்தின் மடியில் ஒரு வேளைக் குழம்புக்கு மட்டும் இருந்தது. விற்பதற்கு அளவாகப் பத்துக் கட்டு. அவள் நுனியைத்தான் கிள்ளுவாள், ஒரு இடத்தில் மொத்தமாகக் கிள்ள மாட்டாள், பூத்ததைத் தொடவே மாட்டாள். தெரியாத செடி என்றால் எவ்வளவு தளதள என்று இருந்தாலும் தாண்டிப் போய்விடுவாள். மறுநாள் என் சாக்குக் கீரையில் முக்கால்வாசி வாடிக் குப்பைமேட்டில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கீரைக்கும் பந்தி வச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் கட்டுகிற கீரைக்கட்டில் நாருக்கு மூன்று முடிச்சு இருக்கும். ஒரு நாள், "ஏன் பாக்கியம், கீரைக்கு எதுக்கு இம்புட்டு முடிச்சு? பிரிக்கவே முடியல" என்று உன் அம்மா கேட்டாள். "எம் முடிச்ச நம்ப முடியாது அண்ணி, ஒங்களுக்குத் தெரியாதா" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் பல் குச்சி ஒடிப்பது போல வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படி எத்தனை முறை திரும்பியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

இனித் திங்கட்கிழமைக் கதை. நீ பேசிய மறுநாள். நல்ல மழை விட்டிருந்தது, மூன்று பேரும் போனோம். போகிற வழியில் உன் கல்யாணத்தைப் பற்றித்தான் பேச்சு. முப்பத்தொரு ஐட்டத்தில் ஒன்றாவது நம் வரப்புக் கீரையாக இருக்கட்டுமே, பாக்கியமே பறித்துத் தரட்டும் என்றேன். "எழுநூறு எலைக்கா? நல்லாச் சொன்னீங்க போங்க. வரப்பெல்லாம் மொட்டையாப் போயிரும். இது வீட்டுக்கு வர்ற கீரை, மண்டபத்துக்கு வர்ற கீரை இல்ல" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் நாள் யாருடைய கல்யாணமோ, பின்னால் இலையும் சோறும் மலையாகக் கிடந்தது. ஒரு சிவப்பு மாடு அதில் வாயை வைத்தது. பாக்கியம் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள் பார்! "ஏய், தின்னாத, செத்துருவ" என்று கத்திக்கொண்டே ஓடிச் சேற்றில் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கல்லை எடுத்து எறிந்து மாட்டை விரட்டினாள். முழங்கால் சிராய்த்து இரத்தம். உன் அம்மா முந்தானையை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாக்கியத்துக்கு மூச்சு வாங்குகிறது. "எவளோ என்னையமாதிரி ஒழுங்காக் கட்டாம விட்டுருக்கா அண்ணி" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நின்ற இடத்தில் நின்றே சொல்லிவிட்டேன். "பாக்கியம், ஒம் முடிச்சு அவுரல. நான்தான் அவுத்தேன். நான்தான் மாட்டப் புடிச்சுக் கொண்டுபோயி சோத்துல நிப்பாட்டுனேன்." உன் அம்மாவுக்கும் அது அப்போதுதான் தெரியும். அவள் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. பாக்கியம் அழவில்லை, கத்தவில்லை. "ஒம்பது வருசமா என்னைய நானே வஞ்சுக்கிட்டுக் கெடந்தேனேண்ணே. நீங்க தெனம் வந்து கீரை வாங்குனீங்களே" என்று மட்டும் சொன்னாள். சிதறிக் கிடந்த கீரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். நான் குனிந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. நொண்டிக்கொண்டே தனியாகப் போய்விட்டாள். உன் அம்மா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள், அவ்வளவுதான். செவ்வாய், புதன் இரண்டு நாளும் பாக்கியம் நம் தெருவில் கீரை விற்றுக்கொண்டு வந்தாள். எதிர் வீட்டில் நின்றாள், பக்கத்து வீட்டில் நின்றாள், நம் வாசலை மட்டும் தாண்டிப் போய்விட்டாள். நீ கூப்பிட்டபோது நான் கொல்லைக்குப் போனது இதனால்தான். எந்த வாயால் உன்னோடு கல்யாணச் சாப்பாடு பேசுவேன்?

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் அப்பன் என்கிற உரிமையில் சொல்கிறேன். எழுநூறு பேர் வருவார்கள் என்றால் எழுநூறு பேருக்குச் சொல். சோற்றை மொத்தமாக ஆக்காமல் இரண்டு ஈடாக ஆக்கச் சொல், இரண்டாவது பந்தியில் எத்தனை தலை உட்காருகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த உலைக்கு அரிசி போடட்டும். பட்டியலில் பாதியை அடித்துவிடு. எதை அடிப்பது என்று மருமகளிடம் கேள், அவள் வீட்டார் மனம் கோணாமல் செய். இலையில் கரண்டி நுனியளவு வைத்துவிட்டு, வேண்டுமா என்று கேட்டுப் பிறகு வைக்கட்டும். போதும் என்று ஒருவர் சொன்னால் அது போதும்தான். இதற்கெல்லாம் படிப்பு தேவையில்லை. எனக்கு இது தெரிய ஒரு மாடு சாக வேண்டியிருந்தது. உன் சமையல்காரர் முகத்தைச் சுளித்தால் என்னிடம் பேசச் சொல். நீயும் இத்தனை பேருக்கு முன்னால் கஞ்சன் என்று பெயர் வாங்க வேண்டுமா என்று யோசிப்பாய். யோசி. நானும் யோசித்துத்தான் கண்மாய்க்கரைக்குப் போனேன்.

இப்போது கேட்க வேண்டியதற்கு வருகிறேன். இன்று காலையில் பாக்கியம் வந்தாள். வாசற்படிக்கு வெளியே கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "உள்ள வா பாக்கியம்" என்றாள் உன் அம்மா. "இல்ல அண்ணி, இங்கயே நிக்கிறேன்" என்றவள், என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மூணு நாளா யோசிச்சேண்ணே. ஒங்கள வையணும்னு வாய் வருது, வைய முடியல. போனாப் போகுதுன்னு விடவும் மனசு வரல." கூடையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். "தம்பி கல்யாணத்துல சோறு மிஞ்சும்ல?" என்று கேட்டாள். மிஞ்சாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "மிஞ்சும்ண்ணே. எம்புட்டுப் பாத்து ஆக்குனாலும் கல்யாணம்னா ஒரு குண்டானாச்சும் மிஞ்சும். மிஞ்சுனா அன்னைக்கி மாதிரி மறைக்காதீங்க. மைக்கப் புடிச்சு ஒங்க வாயாலயே சொல்லுங்க. சோறு மிஞ்சிருச்சு, ஏனத்த எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுங்க. மொதல்ல எம் பேரச் சொல்லிக் கூப்புடுங்க. நான் வந்து வாங்குறேன். நான் மொதல்ல வாங்குனா மத்த ஆளுக கூச்சப்படாம வருவாங்க." மாட்டைப் பற்றி ஊருக்குச் சொல்லவா என்று கேட்டேன். "அது எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள். சொல்லிவிட்டு ஒரு கட்டுக் கீரையை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். என் கையில் கொடுக்கவில்லை.

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், தம்பி. உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான். ஆனால் திரும்ப வாங்கப்போவதில்லை. நம்மூர் மண்டபத்து மேடையில் நீயும் மருமகளும் நிற்பீர்கள், பெண் வீட்டுச் சனம் மொத்தமும் உட்கார்ந்திருக்கும், உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் வெளியூரிலிருந்து வந்திருப்பார்கள். அத்தனை பேருக்கு முன்னால் உன் அப்பன் மைக்கைப் பிடித்து, எங்கள் வீட்டில் சோறு மிஞ்சிவிட்டது என்று சொல்லப்போகிறான். உனக்கு அது தலைகுனிவு என்று பட்டால் இப்போதே சொல்லிவிடு, பந்திக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள், நான் வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் மைக்கை மட்டும் யாருக்கும் விடமாட்டேன். இன்று காலையிலிருந்து கொல்லையில் நடந்துகொண்டே அதைச் சொல்லிப் பார்க்கிறேன். சோறு மிஞ்சிவிட்டது என்பது வந்துவிடுகிறது. அடுத்து அவள் பெயரைச் சொல்ல வேண்டும், அதில்தான் தொண்டை அடைக்கிறது. ஏழு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஏழு முறையும் அடைத்தது. அன்றைக்கும் அப்படி அடைத்துக்கொண்டால், மாலையும் கழுத்துமாக இருக்கிறோமே என்று பார்க்காதே. மேடையை விட்டு இறங்கி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கு. பாக்கியம் அத்தை, வாங்க என்று நீ கூப்பிடு.